பல்வலி என்றுதான் நினைத்தார்கள்

வாய் கொப்பளித்த தண்ணீர் நேராக விழவில்லை. வலது கடைவாய் ஓரமாக ஒழுகி, கழுத்து வழியாக இறங்கிப் பனியனை நனைத்தது. கொல்லைப்புறக் குழாயடியில் நின்றிருந்த அவர், இன்னொரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துப் பார்த்தார். அதுவும் அப்படியே ஒழுகியது. துப்பியதில் வழக்கம்போல ரத்தம் கலந்திருந்தது. ரத்தம் அவருக்குப் புதிதில்லை. ஏழெட்டு வருடங்களாகக் காலையில் பல் தேய்த்தால் சிவப்பாகத்தான் துப்புவார்.

அப்போது மணி 5.40. அது நன்றாக நினைவிருக்கக் காரணம், பால்காரர் அப்போதுதான் பால் ஊற்றிவிட்டுப் போயிருந்தார். அவரிடம் மாட்டுத் தீவன விலையைப் பற்றி நாலு வார்த்தை தெளிவாகப் பேசிவிட்டுத்தான் இவர் பல் தேய்க்கப் போனார்.

உள்ளே வந்து மனைவியிடம் ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது. அந்த அம்மா முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"பல்லு வீங்கிக் கிடக்குங்க. எத்தனை தடவ சொன்னேன், அந்த ஆடுற பல்ல எடுத்துடுங்கன்னு."

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தார். பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டு ஈறில் வைத்தார். காபி கொடுத்தார், இரண்டு வாய் குடித்ததும் புரையேறியது. கும்பகோணத்தில் பல் டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார், ஒன்பதரை பஸ்ஸில் போனால் சரியாக இருக்கும் என்று பேசி முடித்து, அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு இட்லிக்கு மாவு எடுக்கப் போனார்.

தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். அவருக்கு 61 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே எந்தப் புளியமரத்தடியில் யார் கை காட்டுவார்கள் என்பது வரை தெரிந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் தெருவில் அவர் பெயர் கண்டக்டர்தான். அவர் வீடு கண்டக்டர் வீடு.

எட்டேகால் மணிக்குத் திருப்பூரிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தாள். பேரன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தாத்தாவுக்கு டாட்டா காட்டுவது தினசரி வழக்கம். அன்று பேரன் டாட்டா காட்டினான். தாத்தா சிரித்தார். சிரிப்பில் பாதி முகம்தான் ஏறியது.

"அம்மா, அப்பாவுக்கு என்ன?"

"பல்லு வீங்கியிருக்கு பாப்பா. பத்து மணிக்கு டாக்டர்கிட்ட போறோம்."

மகள் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். சில மாதங்களுக்கு முன் கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி நடந்தபோது, 'முகம், கை, பேச்சு' என்று சொல்லிக் கொடுத்தது ஞாபகத்துக்கு வந்தது. போனை அப்பாவின் முன்னால் நேராகப் பிடிக்கச் சொன்னாள்.

"அப்பா, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. அப்படியே வெச்சுக்கங்க."

இடது கை நின்றது. வலது கை மெதுவாகத் தாழ்ந்தது. முப்பது வருடம் டிக்கெட் கிழித்த கை.

"அம்மா, அது பல்லு இல்லம்மா. வேற எதுவும் செய்யாத. இப்பவே 108-க்குப் போன் போடு. இட்லி, தண்ணி எதுவும் குடுக்காத."

பல்லால் வரும் வீக்கத்தையும் பக்கவாதத்தால் முகம் கோணுவதையும் பிரித்துப் பார்ப்பது உண்மையில் கஷ்டமில்லை. பல்லில் சீழ் வைத்தால் கன்னம் வெளியே உப்பும். தொட்டால் சுடும், வலிக்கும். பக்கவாதத்தில் உப்புவதற்குப் பதில் தொங்கும். வலி பெரும்பாலும் இருக்காது. வாயோரம் இறங்கும், எச்சில் வழியும், பேச்சு குழறும், விழுங்கினால் புரையேறும். வலி இல்லாததுதான் இதில் பெரிய ஏமாற்று. வலித்திருந்தால் அந்த வீட்டில் முன்பே யாராவது பதறியிருப்பார்கள். ஏற்கெனவே ஈறு கெட்டுப்போயிருந்த வாய் என்பதால், எல்லாப் பழியும் தானாகப் பல்லின் மேல் போய் விழுந்தது.

ஆம்புலன்ஸ் 8.40-க்கு வந்தது. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில், மாரியம்மன் கோவில். படுத்தபடியே வண்டி திரும்பும் திருப்பத்தை வைத்து ஒவ்வொரு நிறுத்தமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போனதாகப் பின்னாளில் சொன்னார். மனதுக்குள் பெயர் வந்தது, வாயில் வரவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் 9.25. முதலில் சி.டி. ஸ்கேன். மூளையில் ரத்தக்கசிவா, அடைப்பா என்று தெரியாமல் ஊசி போட முடியாது. அடைப்பு என்று தெரிந்தது. 9.58-க்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஏறியது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய மருந்து அது. இவர்களிடம் பாக்கி இருந்தது 12 நிமிடம். பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்படும்போது, ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் இறப்பதாக ஒரு கணக்கு உண்டு. கிராம்புத் தைலத்திலும் இட்லி மாவிலும் போனது இரண்டே முக்கால் மணி நேரம்.

உயிருக்குப் பயமில்லை என்று சொன்னார்கள். வலது கை பாதி வந்தது. பேச்சு வந்தது, மெதுவாக.

மூன்றாம் நாள் வார்டு சுற்றி வந்த நரம்பியல் மருத்துவரைத் தனியாக நிறுத்தி, அந்த அம்மா கேட்டார். இரண்டு நாளாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"டாக்டர், இவருக்கு ஈறுல ரொம்ப நாளா சீழ் இருந்துச்சு. அதுதான் மூளைக்கு ஏறிடுச்சா? நான் வீட்லயே வெச்சுக் கை வைத்தியம் பாத்ததாலதான் இப்படி ஆச்சா?"

மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"இவருக்கு ஈறாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. பிரஷர் மாத்திரைய நெனச்சாப் போட்டிருக்கார், நெனச்சா விட்டிருக்கார். சுகர் இருக்கு. இருபத்தஞ்சு வருஷம் பீடி குடிச்சிருக்கார். இதெல்லாம் பெரிய ஆளுங்க. ஈறு நோயும் அந்தக் கூட்டத்துல நிக்கிற ஒரு ஆள்தான். அது எவ்வளவு பெரிய ஆளுன்னுதான் இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

இவ்வளவு நேர்மையான பதில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வாட்ஸ்அப்பில் 'பல் தேய்க்காதவனுக்குப் பக்கவாதம்' என்று சிவப்பு எழுத்தில் வரும் செய்தியும் தவறு. 'பல்லுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்' என்று சிரித்துத் தள்ளுவதும் தவறு.

சம்பந்தம் இருக்கிறது. அது தொடங்குவது பல்லும் ஈறும் சேரும் விளிம்பில். அங்கே கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. நாக்கால் தடவினால் வழவழவென்று தெரிவது அதுதான். தினமும் தேய்த்து எடுத்தால் பிரச்னையில்லை. விட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரையாக இறுகிவிடும். அதன் பிறகு எந்த பிரஷ்ஷும் அதை எடுக்காது. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். அதையும் விட்டால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து, நடுவே பை போலப் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்துக்குள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கிருமிகளும் வருடக்கணக்கில் சண்டை போடுகின்றன. சண்டையில் கரைவது பல்லைத் தாங்கும் எலும்பு. கரைந்த எலும்பு திரும்பி வளர்வது அபூர்வம்.

ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் உள்ள இந்தப் பள்ளங்களின் உட்சுவரை விரித்து ஒன்றாகச் சேர்த்தால், நோய் முற்றியவர்களுக்கு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாதித் தீப்பெட்டியிலிருந்து முழுத் தீப்பெட்டியின் மேல்பக்கம் வரை. அந்த அளவுக்கு முழங்காலில் ஆறாத புண் இருந்தால், அதைக் காட்டாமல் யாரும் ஒரு வாரம்கூட இருக்க மாட்டார்கள். வாய்க்குள் என்பதால் பத்து வருடம் இருந்துவிடுகிறார்கள்.

அந்தப் புண்ணிலிருந்து மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கின்றன. ஈறு நோயில் பெயர்பெற்ற பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமியின் தடயத்தை, ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புப் படிவுகளுக்குள்ளேயே கண்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியமான வழி, அழற்சி. வாயில் ஓயாமல் புகைந்துகொண்டிருக்கும் நெருப்புக்கு உடம்பு முழுவதும் பதில் சொல்கிறது. கல்லீரல் அழற்சிப் புரதங்களைச் சுரக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் இளக்கம் இழக்கிறது. கொழுப்புப் படிவு எளிதில் வெடிக்கும் நிலைக்குப் போகலாம். வெடித்த இடத்தில் ரத்தம் உறைகிறது. இதயத்துக்குப் போகும் குழாயில் நடந்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் வழியில் நடந்தால் பக்கவாதம்.

இந்தச் சந்தேகம் நேற்று முளைத்ததல்ல. மாரடைப்பு வந்தவர்களின் பற்கள் மற்றவர்களுடையதைவிட மோசமாக இருப்பதை 1989-லேயே ஃபின்லாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். அமெரிக்காவில் நான்கு ஊர்களில் 1987-ல் தொடங்கிய 'ஆரிக்' என்ற நெடுங்கால ஆய்வு, பல் உள்ள 6,736 பேரை 15 வருடம் தொடர்ந்து பார்த்தது. ஈறு நோய் கூடக் கூட, அடைப்பால் வரும் பக்கவாதமும் கூடியது. ஒழுங்காகப் பல் மருத்துவரிடம் போய் வந்தவர்களுக்கு அந்த ஆபத்து 23 சதவிகிதம் குறைவாக இருந்தது. இது வெளியானது 2018-ல். அதே ஆய்வுக்குழு 2025-ல் இன்னொரு கணக்கு சொன்னது. சராசரியாக 63 வயதுள்ள 5,986 பேரை ஏறத்தாழ 20 வருடம் கவனித்ததில், வாய் ஆரோக்கியமாக இருந்தவர்களில் 100-க்கு 4 பேருக்குப் பக்கவாதம் வந்தது. ஈறு நோய் இருந்தவர்களில் 7 பேருக்கு. ஈறு நோயோடு சொத்தைப் பல்லும் இருந்தவர்களில் 10 பேருக்கு. வயது, எடை, புகைப்பழக்கம் இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், ஈறு நோய் மட்டும் இருந்தவர்களுக்கு 44 சதவிகிதமும், இரண்டும் இருந்தவர்களுக்கு 86 சதவிகிதமும் ஆபத்து அதிகம்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஈறைச் சரிசெய்தால் பக்கவாதம் வராது என்று சொல்லிவிட முடியாது. பல் மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர், பிரஷர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுகிறவராக இருக்கலாம். அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஒன்றால்தான் மற்றது வருகிறது என்பதற்குச் சான்று போதாது என்றும் கூடவே எழுதியது. ஏற்கெனவே பக்கவாதமோ அதன் முன்னெச்சரிக்கையோ வந்த 280 பேருக்குத் தீவிர ஈறு சிகிச்சையும் சாதாரணச் சிகிச்சையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. ஒரு வருடத்தில் தீவிர சிகிச்சை பெற்றவர்களிடம் பாதிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தாலும், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது.

ஆனால் ஈறைச் சரிசெய்தால் ரத்தக்குழாயில் மாற்றம் வருகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. கடுமையான ஈறு நோய் இருந்த 120 பேரிடம் நடத்திய ஆய்வு 2007-ல் வந்தது. ஆழமாகச் சுத்தம் செய்த மறுநாள் ரத்தக்குழாயின் இளக்கம் கொஞ்சம் மோசமானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு அது மற்றவர்களைவிட நன்றாகியிருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஈறு சிகிச்சைக்குப் பிறகு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏறத்தாழ 0.4 இறங்குகிறது. கண்டக்டரைப் போலச் சர்க்கரையும் ஈறு நோயும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். பார்க்க வந்த உறவினர் ஒருவர் புறா ரத்தம் தடவினால் கை சரியாகிவிடும் என்றார். அந்த அம்மா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். ஒரு தடவை கை வைத்தியம் பார்த்தது போதும் என்று நினைத்திருக்க வேண்டும்.

வீட்டில் பெரிய வேலையாக மாறியது வாய்தான். இதை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. உணர்ச்சி குறைந்த வலது கன்னத்துக்குள் சாப்பிட்ட சோறு அப்படியே தங்கிவிடும். தங்கியிருப்பது அவருக்கே தெரியாது. அது அழுகி, கிருமி கலந்த எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா. பக்கவாதத்தில் பிழைத்தவர்களில் பலரை அதன் பிறகு கொண்டுபோவது அந்த நிமோனியாதான். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பிறகு நிமிர்த்தி உட்கார வைத்து, விரலில் சுத்தமான துணியைச் சுற்றிக் கன்னத்தின் உள்பக்கம் துடைத்து எடுக்க வேண்டும். மெல்லிய நார் பிரஷ்ஷால் இரண்டு வேளையும் தேய்க்க வேண்டும்.

கல்யாணமாகி 35 வருடத்தில் அந்த அம்மா கணவரின் வாயை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அப்போதுதான். கீழ்வரிசைப் பற்களின் உள்பக்கம் முழுவதும் பழுப்பாகக் காரை, சுவர்போல. ஈறு இறங்கி, பற்கள் நீளமாகத் தெரிந்தன. விரல் பட்டாலே ரத்தம்.

பேரன் சின்னவனாக இருக்கும்போதே சொல்லியிருக்கிறான், "தாத்தா வாய்ல கப்பு அடிக்குது" என்று. எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். அதற்குப் பிறகு பேரனை முத்தமிடும்போது உச்சந்தலையில் மட்டும் முத்தமிடுவார். அது ஒரு நோய் என்று யாரும் நினைக்கவில்லை. வயதானால் வருவது, தாத்தா வாசனை, அவ்வளவுதான். ரத்தம் வருவதற்கும் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். எட்டு வருடத்துக்கு முன் பீடியை விட்டார். விட்ட சில மாதங்களில் ஈறில் ரத்தம் அதிகமானது. "பீடி குடிச்ச வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்பார். புகை ஈறின் ரத்தக்கசிவை மறைத்துவிடும். உள்ளே நோய் வளரும், வெளியே சிவப்பு தெரியாது. புகையை நிறுத்தியதும் திரை விலகுகிறது. பீடியை விட்டது தப்பில்லை. விட்ட பிறகு தெரிந்ததைப் போய்க் காட்டாததுதான் தப்பு.

இப்போது ரத்தம் இன்னும் கூடியது. மறுபடி அடைப்பு வராமல் இருக்க, ரத்தம் எளிதில் உறையாதபடி ஆஸ்பிரினும் இன்னொரு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் தலையணை உறையில் ரத்தக் கறை. பிரஷ் செய்தால் வாய் நிறைய ரத்தம். கண்டக்டர் பயந்துபோனார். பயந்ததை வெளியே சொல்லவில்லை.

ஆறாவது வாரம், அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அவருடைய பழைய தோல் பையை அந்த அம்மா எடுத்தார். டிக்கெட் காசு போடும் பை. ஓய்வுபெற்றபோது ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டது. குலுக்கினால் சில்லறை போலச் சத்தம் கேட்டது. உள்ளே மாத்திரைகள். எண்ணினார். ஆஸ்பிரின் மட்டும் 11.

"என்னங்க இது?"

"ரத்தமா கொட்டுதுடி. அந்த மாத்திரைதான் ரத்தத்தைத் தண்ணியாக்குது. உடம்புல இருக்கற ரத்தம் பூரா வாய் வழியாப் போயிடும்போல இருக்கு."

அந்த அம்மா சத்தம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அழுதார். பிறகு திருப்பூருக்குப் போன் செய்தார். மகள் டாக்டரிடம் பேசினாள். அவர் சொன்னது சுருக்கமாக இருந்தது. ஒரு நாள்கூட அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி அடைக்க வழி திறந்துவிடும். ரத்தம் வருவது மாத்திரையால் மட்டும் இல்லை. ஈறு புண்ணாக இருப்பதால் வருகிறது. மாத்திரை அதை அதிகமாகக் காட்டுகிறது. குழாய் ஒழுகினால் வாஷரை மாற்றணும், மோட்டாரை நிறுத்தக் கூடாது என்றாராம். மோட்டார் உதாரணம் கண்டக்டருக்குப் பிடித்திருந்தது. அன்று இரவே மாத்திரையைப் போட்டார்.

பக்கவாதம் வந்த உடனே பல் சிகிச்சை வேண்டாம், கொஞ்ச காலம் போகட்டும் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருந்ததால், நாலாவது மாதம் கும்பகோணம் போனார்கள். பல் மருத்துவர் ஓர் இளம் பெண். நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன் பிரஷர் பார்த்தார். என்னென்ன மாத்திரை என்று சீட்டைப் பார்த்தார். தஞ்சாவூர் டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். எதையும் நிறுத்த வேண்டாம், நாலு தடவையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்று முடிவானது.

"பல்லு க்ளீன் பண்ணா பல்லு ஆடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா?"

"ஏற்கெனவே ஆடுதுங்க ஐயா. எலும்பு கரைஞ்சதால ஆடுது. இப்ப காரை சிமென்ட் மாதிரி புடிச்சு வெச்சிருக்கு, அதனால உங்களுக்குத் தெரியல. வீக்கம் வத்தினா கொஞ்சம் சந்து தெரியும். அது கெட்டுப்போனதில்ல, வீக்கம் போனது."

ஊருக்கு ஊர் பல் சுத்தம் செய்யவிடாமல் ஆட்களைத் தடுத்து வைத்திருக்கும் அந்த ஒரே பயத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

மருத்துவர் நுனியில் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி ஆழம் பார்த்தார். உதவிக்கு நின்ற பெண் எழுதிக்கொண்டாள். "மூணு, நாலு, ஏழு. நாலு, ஆறு, ஏழு." 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். 4 தாண்டினால் கவனிக்க வேண்டும். இவருக்குப் பாதி இடங்களில் 6, 7. வாயைத் திறந்து படுத்திருந்தவர், கம்பி வெளியே வந்த இடைவெளியில் மெதுவாகக் கேட்டார்.

"என்னம்மா, ஸ்டேஜ் கணக்கா சொல்றீங்க?"

பஸ் கட்டணம் ஸ்டேஜ் ஸ்டேஜாக ஏறுவது அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மருத்துவர் சிரித்துவிட்டார்.

நாலு தடவை போய் வந்தார்கள். இரண்டு பல்லை எடுத்தார்கள், மீதியைக் காப்பாற்றினார்கள். இரண்டு பற்களுக்கு நடுவே நுழையும் சின்ன பிரஷ் ஒன்றைக் கொடுத்தார்கள். வலது கையால் அதைப் பிடிக்க முடியாததால், கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கி, இடது கையால் பழகினார். ஆரம்பத்தில் ஒரு தடவை பல் தேய்க்க இருபது நிமிடம் ஆனது. உதட்டுக்குப் பலம் வர ஊதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் பலூன் கொடுத்தார். இவர் தோல் பையிலிருந்து பழைய விசிலை எடுத்துக்கொண்டார். முதல் மாதம் காற்றுதான் வந்தது. இப்போது தெருமுனை வரை கேட்கிறது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் மத்தியானம் ஊதக் கூடாது என்று உத்தரவு.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளவு பார்க்கப் போனபோது, மகளும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பெரும்பாலான இடங்களில் 3, 4. ரத்தம் இரண்டு மூன்று இடங்களில் மட்டும். மருத்துவர் கையுறையைக் கழற்றியபடி, சும்மா கேட்பதுபோல் அந்த அம்மாவிடம் கேட்டார்.

"நீங்க எப்பம்மா கடைசியா பல்லக் காட்டினீங்க?"

"எனக்கென்னம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல."

"ரத்தம் ஏதாவது வருமா?"

அந்த அம்மா மகளைப் பார்த்தார். பிறகு கணவரை.

"நாலஞ்சு வருஷமா வருது. இவருக்கு வர்ற அளவுக்கு இல்ல."

"ஏம்மா சொல்லல?" என்றாள் மகள். அதற்குப் பதில் வரவில்லை. கணவர் வாயில் வரும் ரத்தத்துக்குத் துணி சுற்றித் துடைத்த ஏழு மாதமும், தினமும் காலையில் தன் ரத்தத்தை யாரும் பார்க்காமல் குழாயடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டிருக்கிறார்.

கைப்பையைக் கணவரின் மடியில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் ஏறினார். மருத்துவர் விளக்கைத் திருப்பினார். உதவிக்கு நின்ற பெண் புதுத் தாள் எடுத்தாள்.

"நாலு, அஞ்சு, ஆறு. அஞ்சு, ஆறு, ஆறு."

கண்டக்டர் வலது கை விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரம் கொடுத்தார்கள்.